மார்க் போகாத பாடங்கள்

ஜூன் 19, வியாழன்

பாடப்பதிவு இன்று தொடங்கிவிட்டது. காலையிலேயே என் அறை வாசலில் ரேஷன் கடைக் கூட்டம். முழு உதவித்தொகையில் படிக்கும் முதல் தரப் பிள்ளைகள் என் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பாடத்திலும் சேர முடியாது. அவர்கள் தேர்ந்தெடுப்பது என் கணினித் திரையில் வந்து நிற்கும். நான் பச்சைப் பொத்தானை அழுத்தினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பெயர்ப்பலகையில் ‘கல்வி ஆலோசகர்’ என்று போட்டிருக்கிறது. செல்வின் அதைப் பார்த்துவிட்டு, “ஆலோசகரா, செக்போஸ்ட்டா?” என்று கேட்டார். மருந்துக்கடை நடத்துகிற என் வீட்டுக்காரருக்கு வாய் மட்டும் வக்கீல் வாய்.

கேலி செய்யட்டும். சராசரி ஒன்பது புள்ளிக்குக் கீழே இறங்கினால் உதவித்தொகை நின்றுவிடும். நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து ஒரு பிள்ளைகூட அப்படி இறங்கியதில்லை. இது சும்மா வந்ததா? எந்தப் பேராசிரியர் மார்க்கை அள்ளிப் போடுவார், யார் கிள்ளியும் போடமாட்டார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மார்க் போகாத பாடமாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை.

மதியம் இசக்கியம்மாள் வந்தாள். பி.எஸ்சி. கணிதம், மூன்றாம் ஆண்டு. ஊர் சேரன்மகாதேவிப் பக்கம். அப்பா மினி பஸ் ஓட்டுகிறார், அம்மா மாவு மில் வைத்திருக்கிறார். இரண்டு வருடமும் பத்துக்குப் பத்து. பட்டம் முடித்ததும் நாட்டின் பெரிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து கணிதத்திலேயே காலம் தள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. பிப்ரவரியில் நுழைவுத் தேர்வு, அதில் தேறினால் நேர்முகம். நாடு முழுவதிலிருந்தும் ஒரு கை விரல், இரண்டு கை விரல் அளவுதான் எடுப்பார்கள். எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து இதுவரை ஒருவரும் போனதில்லை. இவள் போவாள். அதற்கு நான் இருக்கிறேன்.

“மேடம், எலெக்டிவ் டோபாலஜி எடுக்கலாம்னு இருக்கேன்.”

“எதுக்குளா அது?”

“பிடிச்சிருக்கு மேடம். லைப்ரரில புக்க எடுத்து மொத சாப்டர் பாத்தேன். ஒண்ணுமே புரியல. ஆனா கீழ வைக்க மனசே வரல.”

“புரியாததப் பிடிச்சிருக்குன்னு சொல்லுத மொத ஆளு நீதாம்.”

டோபாலஜி என்பது ஒரு வடிவத்தை இழுத்தாலும் வளைத்தாலும் எது மாறாமல் இருக்கிறது என்று பார்க்கிற கணிதம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதை நடத்துகிறவர் ஆவுடையப்பன் சார். கடைசியாக அவர் நடத்தியபோது உச்ச கிரேடு ஒருவருக்கும் கிடைக்கவில்லை. என் உதவித்தொகைப் பிள்ளை ஒன்று தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். அன்றிலிருந்து அந்தப் பக்கம் யாரையும் நான் விடுவதில்லை. மற்றபடி நல்ல மனிதர். அவருக்கும் எனக்கும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

புள்ளியியலில் சேர்த்துவிட்டேன். “சரி மேடம்” என்றாள். தங்கமான பிள்ளை. ஒரு சொல் மறுத்துப் பேச மாட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வரும் வழியில் சாளை வாங்கினோம். வீட்டுக்கு வந்தால் மோட்டார் ஓடவில்லை. மீன் கழுவத் தண்ணீர் இல்லை. செல்வின் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு குடம் தூக்கி வந்தார்.

ஜூலை 3, வியாழன்

ஆவுடையப்பன் சார் என் அறைக்கு வந்தார். எதிர் வராந்தாவில்தான் அவர் அறை. ஆனாலும் அவர் இங்கே வந்து உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகிறது.

“ஹெப்சிபா, டோபாலஜிக்கு நாலு பேரு சேந்துட்டாங்க. அஞ்சு பேரு இருந்தாத்தான் பாடம் நடக்கும். ஒங்க இசக்கியம்மா ரெண்டு தரம் என்கிட்ட வந்து பேசிட்டுப் போச்சு. அத விட்டுக் குடுங்களேன்.”

“பிள்ளையோட ஸ்காலர்ஷிப்புக்கு நான்லா சார் பொறுப்பு. நீங்க மார்க் போடுவியளா?”

“எழுதினா போடுதேன்.”

“அதுக்குத்தான் பயப்படுதேன்.”

சிரித்தார். மே மாதத்தோடு பணி ஓய்வு, அந்தப் பாடத்தை நடத்த இதுதான் கடைசி வாய்ப்பு என்றார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன், ஆனால் யோசித்திருக்க மாட்டேன். ஒருவருடைய கடைசி வாய்ப்புக்காக ஒரு பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்க முடியுமா? மாலை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. டோபாலஜி இந்த ஆண்டும் ரத்து.

ஜூலை 8, செவ்வாய்

இசக்கி வந்து நின்றாள். ஆவுடையப்பன் சார் அந்த நாலு பேருக்கும் சாயங்காலம் நாலு மணிக்குத் தன் அறையிலேயே பாடம் எடுக்கப் போகிறாராம். பதிவு கிடையாது, பரீட்சை கிடையாது. “நானும் போகட்டுமா மேடம்? மார்க்குக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?”

மார்க்கே இல்லாத பாடத்துக்குப் போய் மார்க் வருகிற பாடத்தை யார் படிப்பது? இதை அவளிடம் சொல்லவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு எடுக்க மூத்த மாணவி ஒருத்தி வேண்டியிருந்தது. இசக்கியைப் போட்டேன். நாலு மணிக்குத்தான் வகுப்பறை காலி. நேரம் இடித்தது தற்செயல். காலையிலும் அறை காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் காலையில் பிள்ளைகள் சாப்பிடாமல் ஓடி வருவார்கள், பாவம்.

“சரி மேடம்” என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாலரை மணி இருக்கும். வராந்தாவில் போகும்போது பார்த்தேன். இசக்கி சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். என்ன தெளிவு, என்ன கையெழுத்து! பெற்றவள் மாதிரிப் பெருமையாக இருந்தது. எதிர் அறையில் ஆவுடையப்பன் சாரும் அந்த நாலு பேரும் எதையோ பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். “இல்ல சார், அது கிழியும் சார்” என்று ஒரு பையன் கத்துகிறான். சார் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இசக்கி சாக்பீஸைப் பலகையில் வைத்தபடி எழுதாமல் நின்றிருந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மோட்டார் சரியாகிவிட்டது. உள்ளே கம்பிச்சுருள் எரிந்திருந்ததாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் செல்வின் சொன்னார்:

“ஆவுடையப்பன் நேத்து கடைக்கு வந்தாரு. பிரஷர் மாத்திர. உன்னயக் கேட்டாரு. நீயும் அவரும் மதுரைல ஒண்ணாத்தான படிச்சிய?”

ஒன்றாகத்தான் படித்தோம். எம்.ஃபில்., ஒரே வழிகாட்டி. டோபாலஜியில் எனக்கு ஐம்பத்திரண்டு வந்தது. அதுவரை என் வாழ்க்கையில் தொண்ணூறுக்குக் கீழே எண்ணைப் பார்த்ததில்லை. ஆவுடையப்பனுக்கும் அறுபதோ என்னவோதான். அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை, அடுத்த நாளும் அதே புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். என்னை வழிகாட்டி தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு இது வேண்டாம்மா. புள்ளியியல் பக்கம் போ, மார்க் கொட்டும்” என்றார். போனேன், கொட்டியது. நல்ல ஆலோசனைதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இன்றைக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, நாலு பேர் மதிக்கிறார்கள்.

“அதுக்கப்புறம் அந்தப் புக்கத் தொட்டியா நீ?”

சோறு ஆறிப்போகிறது, சாப்பிடுங்கள் என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

பருவத் தேர்வு முடிவுகள். இசக்கிக்குப் பத்துக்குப் பத்து. மற்ற பிள்ளைகளும் ஒருவர்கூட ஒன்பதுக்குக் கீழே இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஜனவரி 17, சனி

இசக்கியின் அம்மா வந்திருந்தார். பொங்கலுக்கு இடித்த பச்சரிசி மாவு ஒரு தூக்குச்சட்டி நிறைய. தலைமுடி ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. காப்பி கொடுத்தேன்.

“பிள்ள நல்லாப் படிக்காளா டீச்சர்?”

“ஒங்க பிள்ளைக்கு என்னம்மா! ராஜாத்தில்லா.”

“இல்ல, முன்னாடில்லாம் மில்லுல நிக்கும்போது, மாவு படிஞ்ச தகரத்துல வெரல வச்சு என்னமாது கோடு போட்டுக்கிட்டே நிக்கும். நான் ஏசுவேன், மாவு வீணாப் போவுதுட்டின்னு. இப்பம் கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. புக்கத் தொறந்தா படிக்கி, மூடினா படுக்கி. சண்டகூடப் போட மாட்டேங்கி. அதான் ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவலாம்னு.”

வயது வந்த பிள்ளை, பொறுப்பு வந்திருக்கிறது, நல்லதுதானே என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். அந்த மாவில் நாளை இடியாப்பம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இசக்கி நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். கோயிலில் அவள் பெயர் சொல்லி ஜெபிக்கக் கேட்டுக்கொண்டேன். இசக்கியம்மாள் என்ற அம்மன் பெயரைக் கேட்டு எங்கள் சபை ஐயர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜெபித்தார்.

மார்ச் 20, வெள்ளி

தேறிவிட்டாள்! நேர்முகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. துணைவேந்தர் என்னையும் அவளையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். வராந்தாவில் ஆவுடையப்பன் சார் அவளுக்குக் கை கொடுத்தார். “சந்தோஷம்மா, சந்தோஷம்” என்று இரண்டு தடவை சொன்னார். மனதாரத்தான் சொன்னார். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. பொன்னாடையால் துடைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 11, சனி

வீட்டுக்கு வரச் சொல்லி நேர்முகத்துக்குப் பழக்கினேன். மூன்று வருடத்தில் அவள் படித்த எல்லாப் பாடங்களிலிருந்தும் கேட்டேன். ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. தண்ணீர் பட்டபாடு என்பது இதுதான். ஆவுடையப்பன் சாரையும் ஒருநாள் கேள்வி கேட்கச் சொல்லலாமே என்றார் துறைத்தலைவர். இந்த நேரத்தில் பிள்ளையைப் பயமுறுத்தவா? வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்று நேர்முகம். நாள் முழுக்க ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தேன். மாலை அவளே ரயில் நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். பின்னால் அறிவிப்புச் சத்தம்.

“மூணு பேரு இருந்தாங்க மேடம். படிச்சதுல கேட்டாங்க, எல்லாம் சொல்லிட்டேன். அப்புறம் ஒரு மேடம், ‘நீ ரொம்ப நாள் போராடியும் வராமப் போன கணக்கு ஒண்ணு சொல்லு, அதப் பத்திப் பேசுவோம்’னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“அப்படி ஒண்ணும் இல்ல மேம், எல்லாமே வந்துரும்னு சொன்னேன்.”

“சரியாத்தான சொல்லிருக்க.”

“அவங்க ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க மேடம். அப்புறம் போர்டுல ஒரு கணக்கு எழுதிக் குடுத்து, ‘வராட்டா பரவால்ல, யோசிக்கத எங்களுக்குக் கேக்குத மாதிரி சத்தமா யோசி’ன்னாங்க. எனக்கு அது எந்தப் பாடத்துல உள்ளதுன்னே தெரியல. எங்க தொடங்கன்னு தெரியல. சும்மா நின்னேன் மேடம். அவங்க தண்ணி குடிக்கியான்னு கேட்டாங்க.”

“அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. மார்க் இருக்குல்லா ஒனக்கு” என்றேன்.

“சரி மேடம்” என்றாள். ரயில் வந்துவிட்டது.

ஏப்ரல் 25, சனி

துணிக்கு இஸ்திரி போட்டேன். ஒரு சேலையில் கறை பிடித்துவிட்டது. கவனமில்லை.

மே 6, புதன்

பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை.

காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. மூன்று தடவை மேலும் கீழும் பார்த்தேன். பத்துக்குப் பத்து வாங்கின பிள்ளைக்கு இடமில்லையாம். இவர்களெல்லாம் பெரிய இடத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள், தெற்கத்திப் பிள்ளையை மதிப்பார்களா? வராத கணக்கு எது என்று கேட்பது ஒரு கேள்வியா? பெண் பார்க்க வந்த இடத்தில் உன்னிடம் என்ன குறை என்று கேட்கிற மாதிரி. துறைத்தலைவரிடம் இதையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஆனா அது நல்ல கேள்விதான் மேடம்” என்றார்.

இசக்கியை ஃபோனில் கூப்பிட்டேன். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவள்தான் எனக்குச் சொன்னாள். “நீங்க வருத்தப்படாதீங்க மேடம். நீங்க எம்புட்டு செஞ்சிய எனக்கு.” மில் ஓடுகிற சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது.

மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மே 29, வெள்ளி

ஆவுடையப்பன் சாருக்குப் பிரிவு உபசாரம். மாலை, ஃபோட்டோ, வடை. எல்லோரும் போன பிறகு அவர் அறையில் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். மதுரையில் மகன் வீட்டுக்குப் போகிறார். நான் வாசலில் நின்றேன். உள்ளே வரச் சொன்னார். கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

“சார், அந்தப் பிள்ள ஒங்ககிட்ட படிச்சிருந்தா எடம் கெடச்சிருக்குமா?”

கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டியில் வைத்தார்.

“அப்படிச் சொல்ல மாட்டேன் ஹெப்சிபா. அந்த நாலு பேருல ரெண்டு பேரு இதே பரீட்ச எழுதினானுவ. நேர்முகத்துக்கே கூப்பிடல. இசக்கிக்குக் கெடைக்காமலும் போயிருக்கலாம்.” பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார். “ஆனா கணக்கு வராம உக்காந்திருக்கதும் ஒரு பழக்கம்தான? அது பழகியிருக்கும். போர்டு முன்னாடி அந்தப் பிள்ள தனியா நின்னுருக்காது.”

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஒரு பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைக்க உதவினேன். கனமாக இருந்தது.

ஜூன் 12, வெள்ளி

புதிய உதவித்தொகைப் பிள்ளைகளுக்கு வரவேற்பு. ஆண்டுதோறும் சாதித்த மூத்த மாணவர் ஒருவரைப் பேச வைப்பது வழக்கம். தங்கப்பதக்கம் இசக்கிக்குத்தான், அதனால் அவளை அழைப்பது என்று அலுவலகமே முடிவு செய்துவிட்டது. நான் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். என்ன காரணம் சொல்வது?

வந்தாள். சாம்பல் நிறச் சுடிதார், நெற்றியில் சின்னக் குங்குமம். இப்போது வங்கித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருப்பதாக அறிமுகத்தில் சொன்னார்கள். மேடையில் அழகாகப் பேசினாள். முடிக்கும்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எந்தப் பாடம் எடுக்கதுன்னு நீங்க யாரும் கொழம்ப வேண்டாம். ஹெப்சிபா மேடம் சொல்லுதத மட்டும் கேளுங்க. மேடம் சொன்னபடி எடுத்தா ஒரு மார்க்கு போகாது. எனக்கு மூணு வருஷமும் ஒரு மார்க்குகூடப் போகல.”

எல்லோரும் கை தட்டினார்கள். பெற்றோர்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவள் குத்திக் காட்டவில்லை. அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். மனதாரச் சொன்னாள், நன்றியோடு சொன்னாள். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வயதில், இத்தனை பேர் நடுவில், கை தட்டலுக்கு நடுவில் அவ்வளவு வெட்கம்.

ஒரு மார்க்கும் போகவில்லை. பிள்ளைதான் போய்விட்டது.

ஜூன் 13, சனி

செல்வினிடம் சொல்லிவிட்டுச் சேரன்மகாதேவிக்குப் போனேன். அங்கிருந்து இசக்கியின் அப்பா ஓட்டுகிற மினி பஸ். என்னை ஃபோட்டோவில் பார்த்திருக்கிறாராம். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, மில் வாசலிலேயே இறக்கிவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் முணுமுணுக்கவில்லை. டீச்சர் என்றால் இன்னும் மரியாதை இருக்கிறது.

இசக்கி மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள், மூக்கில் துண்டு கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் மிஷினை நிறுத்தினாள். இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம். பின்பக்கம் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனாள்.

“ஒனக்கு என் மேல கோவம் இல்லையாளா?”

“எதுக்கு மேடம்?”

“டோபாலஜி எடுக்க விடலல்லா. சாயங்கால வகுப்புக்கும் விடல. வேணும்னேதான் அந்த நேரத்துல ஒனக்கு வேல போட்டேன்.”

இதை இந்த டைரியில்கூட நான் எழுதவில்லை என்பது இப்போது தெரிகிறது.

அவள் துண்டை மடித்து மடித்துப் பிரித்தாள்.

“எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சுதான் சரின்னேன்.” துண்டைத் தோளில் போட்டாள். “நீங்க வேண்டாம்னதும் எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. ஆசையும் இருந்துச்சு, பயமும் இருந்துச்சு. எங்க மார்க்கு கொறஞ்சு போயிருமோன்னு. எங்க ஊர்ல என்னய பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க மேடம், பத்துக்குப் பத்துன்னுதான் கூப்பிடுவாங்க. கொறஞ்சா நான் யாரு? நீங்க தடுத்தியளா, பழி ஒங்க மேல போயிரும், நான் தப்பிச்சிருவேன்னு இருந்துச்சு.”

நானும் ஒன்று சொன்னேன். என் ஐம்பத்திரண்டைச் சொன்னேன். செல்வினைத் தவிர யாரிடமும் இதைப் பேசியதில்லை. செல்வினுக்கும் எண் தெரியாது.

“அய்யோ, ஒங்களுக்கா மேடம்?” என்று வாயில் கை வைத்தாள். அவள் கண்ணில் ஒரு சிரிப்பு வந்து போனது. வரட்டும் என்று விட்டேன்.

அடுத்த பிப்ரவரியில் மறுபடி எழுதச் சொன்னேன். அப்பாவும் அதைத்தான் சொல்கிறாராம், ஒரு வருடம் பார்ப்போம் என்று. இவள்தான் முடியாது என்றிருக்கிறாள்.

“மறுபடி அந்த போர்டு முன்னாடி போயி நிக்கணும்லா மேடம்.”

“சனிக்கிழமதோறும் வீட்டுக்கு வா. டோபாலஜி புக்க மொதல்லேர்ந்து ரெண்டு பேருமாப் போடுவோம். நான் சொல்லித் தரேன்னு நெனைக்காத. எனக்கு வராது. ஒனக்கு எங்க நிக்குமோ அங்கதான் எனக்கும் நிக்கும்.”

நான் எதிர்பார்த்த பதில் எனக்குத் தெரியும். அது வரவில்லை.

“யோசிக்கேன் மேடம்” என்றாள்.

மில்லுக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். போய் மிஷினைப் போட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து இருக்கையிலிருந்த பெண், மிளகாய் நெடியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 18, வியாழன்

மதுரைக்கு ஃபோன் செய்து ஆவுடையப்பன் சாரிடம் டோபாலஜிக்கு எந்தப் புத்தகம் நல்லது என்று கேட்டேன். நீண்ட நேரம் பேசினோம். சந்தேகம் வந்தால் கூப்பிடச் சொன்னார். வராமல் இருக்குமா?

இசக்கியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஜூன் 20, சனி

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று கொடியில் துணி காயப்போட்டேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. இசக்கிதான். பேருந்தில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னாள். செல்வின் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் நான்தான் விரட்டினேன்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். முதல் இரண்டு கணக்கும் எப்படியோ வந்துவிட்டன. மூன்றாவதில் நின்றுவிட்டோம். நான் ஒரு வழியில் போனேன், முட்டியது. அவள் வேறு வழியில் போனாள், எனக்கு அது சரியென்று பட்டது. அரைப் பக்கம் எழுதிவிட்டு, “இல்ல மேடம், இங்க பொய் சொல்லிட்டேன்” என்று தானே அடித்தாள். மறுபடி தொடங்கினாள். பேனா மூடியைக் கடித்தாள், எழுந்து நடந்தாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே பேசினாள். மூன்று வருடமாக இந்தப் பிள்ளையைப் பார்க்கிறேன், இப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பதை நான் பார்த்ததில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. மதுரையில் நான் விட்டுப் போன அதே இடம். அவளுக்கு உதவி செய்கிற சாக்கில் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினேன். விடைகள் அங்கேதான் இருக்கும்.

அவள் வந்து என் கையின் மேல் கையை வைத்தாள்.

“வேண்டாம் மேடம்” என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம் வராம இருக்கட்டும்.”

புத்தகத்தை மூடினேன். அவள் ஒரு புதுத்தாளை எடுத்து நடுவில் வைத்தாள், இரண்டு பேருக்கும் எட்டுகிற மாதிரி.